பேட்டரியைக் கழற்றும் முன்: டியூன் செய்த சுபாரு இன்ஜின் எதனால் உடைந்தது என்று கண்டறிவது

உடைந்த காரை டோ வண்டியிலிருந்து இறக்கியதும் பெரும்பாலான பட்டறைகளில் நடக்கும் முதல் வேலை பேட்டரி டெர்மினலைக் கழற்றி வைப்பதுதான். பாதுகாப்புக்கு நல்ல பழக்கம். ஆனால் டியூன் செய்த (கூடுதல் சக்திக்காக மாற்றியமைத்த) சுபாரு டர்போ காரில், அந்த ஒரு ஸ்பேனர் திருப்பலோடு இருப்பதிலேயே நல்ல சாட்சி போய்விடுகிறது. இன்ஜின் எந்த வேகத்தில், எந்த லோடில் நாக் அடித்தது (கலவை தானே வெடித்தது), அங்கே இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, எத்தனை டிகிரி பின்னுக்கு இழுக்க வேண்டியிருந்தது என்பதையெல்லாம் இன்ஜினின் கணினியான இசியு ஓர் அட்டவணையாக நினைவில் வைத்திருக்கும். மின்சாரம் போனால் அந்த அட்டவணை முழுக்கச் சுழியமாகிவிடும். இசியுவில் புது மேப் (பெட்ரோல், டைமிங் அளவுகளின் தொகுப்பு) ஏற்றினாலும் அதே கதைதான்.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? கழற்றிக் கையில் எடுக்கும் உடைந்த பிஸ்டன், சேதம் போய்ச் சேர்ந்த இடம். அது கிளம்பிய இடம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும்: இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கிழிந்த ரப்பர் குழாயில், பாதி அடைத்த ஓர் இன்ஜெக்டரில், ஆயில் உறிஞ்சும் குழாயின் விரிசலில். பிஸ்டனை மட்டும் மாற்றிவிட்டு அந்தக் குழாயை விட்டுவைத்தால், விலை கூடிய ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்துச் செய்த) பிஸ்டனும் அதே வழியில்தான் போகும்.

இங்கே எடுத்துக்கொள்வது ஈஜே257 இன்ஜினை. அமெரிக்கச் சந்தைக்கான சுபாரு எஸ்டிஐ காரில் 2004 மாடல் முதல் 2021 மாடல் வரை வந்த 2.5 லிட்டர் பாக்ஸர் (சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும்) டர்போ இது. நெருங்கிய உறவான ஈஜே255, அங்கே 2006 முதல் 2014 வரையிலான டபிள்யூஆர்எக்ஸ் காரில் இருந்தது. போர் (சிலிண்டர் விட்டம்) 99.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 79 மி.மீ., மொத்தம் 2457 சிசி. ஜப்பானில் விற்ற எஸ்டிஐக்கோ 92 மி.மீ. போர் கொண்ட 2 லிட்டர் ஈஜே207. இந்த 7.5 மி.மீ. வித்தியாசம் சின்ன விஷயமல்ல. போர் அகலமானால் பிளக்கில் பற்றிய சுடர் ஓரத்தை எட்ட அதிக நேரம் ஆகும். அதற்குள் ஓரத்தில் மிஞ்சிய கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானே வெடித்துவிடும். அதுதான் நாக். அந்த அடியை வாங்குவது சிலிக்கான் அதிகம் கலந்த வார்ப்பு பிஸ்டன். கடினமானது, தேயாது, ஆனால் அடித்தால் வளையாமல் ஒடியும். கம்பெனி கொடுத்த 300 குதிரைத்திறன், சுமார் 14.5 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) என்ற அளவிலேயே இதற்குப் பெரிய மிச்சம் கிடையாது.

இன்ஜினை இறக்கும் முன்

முதலில் இசியுவைப் படிக்க வேண்டும். கிராங்க் சுற்றாவிட்டாலும் சாவியைத் திருப்பி வைத்தால் போதும், இசியுவின் அளவுகளைப் பதிவு செய்யும் லாக்கர் மென்பொருள் படித்துவிடும். பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது டிஏஎம், பழைய மாடல்களில் ஐஏஎம் என்று பெயர்: நல்ல இன்ஜினில் இது 1.0 ஆக இருக்கும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால், இசியு ஒட்டுமொத்தமாக நம்பிக்கை இழந்து எல்லா இடத்திலும் டைமிங்கைக் குறைத்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது, ஃபைன் நாக் லேர்னிங் அட்டவணை. இது ஆர்பிஎம், லோடு வாரியாகக் கட்டம் கட்டமாக இருக்கும். 2,800 ஆர்பிஎம்மில் லோடு கூடிய கட்டங்களில் மட்டும் குறை விழுந்திருந்தால் ஐந்தாம் ஆறாம் கியரில் வேகம் ஏறாமலே ஆக்ஸிலரேட்டரை அமுக்கிய பழக்கம் தெரியும். 5,500க்கு மேல் மட்டும் விழுந்திருந்தால் பெட்ரோல் போதாமையோ பூஸ்ட் கட்டுமீறலோ காரணமாக இருக்கலாம். மூன்றாவது, எரிபொருள் லேர்னிங்: காற்றோட்டத்தின் எந்தப் பகுதியில் இசியு எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சமாளித்தது என்பது. காற்று அதிகமாகப் பாயும் பகுதியில் பெட்ரோலை 8, 10 சதவீதம் கூட்டிக் கூட்டிப் போயிருந்தால், கணக்கில் வராத காற்று எங்கோ நுழைந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நாக் சென்சார் என்பது வெறும் காது. கடினமான இன்ஜின் மவுன்ட், எங்கோ இடிக்கும் எக்ஸாஸ்ட் பைப் ஆகியவற்றின் சத்தத்தையும் அது நாக் என்று எடுத்துக்கொள்ளும். லேசான ஆக்ஸிலரேட்டரில் எப்போதாவது ஒருமுறை வரும் −1.4 டிகிரி திருத்தத்துக்காக யாரும் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. பூஸ்டில், அதே ஆர்பிஎம்மில், திரும்பத் திரும்ப வந்தால்தான் அது பேச்சு.

அடுத்து கம்ப்ரெஷன் சோதனை. இதை எல்லோரும் செய்கிறார்கள், பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் தவறு. ஈஜே257இல் வழக்கமாக உடைவது பிஸ்டனின் முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் இடையிலுள்ள வரப்பு. பட்டறை மொழியில் ரிங் லேண்ட். வரப்பு உடைந்தாலும் மேல் ரிங் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும் வரை கம்ப்ரெஷன் மீட்டர் நல்ல எண்ணையே காட்டக்கூடும். சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி அளக்கும் ஈரச் சோதனையும் இங்கே எடுபடாது. நின்றபடி இருக்கும் சிலிண்டரில் ஆயில் பிஸ்டனைச் சுற்றி வளையமாகப் பரவும். படுத்திருக்கும் பாக்ஸர் சிலிண்டரில் அது அடிப்பக்கம் தேங்கி நிற்கும், மேல்பாதி காய்ந்தே கிடக்கும்.

ஆகவே லீக்டவுன் சோதனை. இன்ஜினை முடிந்தவரை சூடாக்கி, ஒவ்வொரு சிலிண்டரையும் கம்ப்ரெஷன் முடியும் உச்சப் புள்ளியில் நிறுத்தி, 7 பார் காற்றைக் கொடுத்து, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்க்க வேண்டும். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டியபடி விட்டுவிடாதீர்கள்: 99.5 மி.மீ. பிஸ்டன் மேல் 7 பார் என்பது அரை டன்னுக்கு மேற்பட்ட விசை, உச்சப் புள்ளியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் கிராங்க் சடாரெனச் சுற்றும். 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 20ஐத் தாண்டினால் உள்ளே ஏதோ இருக்கிறது. எண்ணைவிட, காற்று எங்கே கேட்கிறது என்பது முக்கியம். ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங் அல்லது பிஸ்டன். சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. த்ராட்டில் வாயில் கேட்டால் இன்டேக் வால்வு. கூலன்ட் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட், அல்லது விரிசல். ஒரே பக்கத்து இரண்டு சிலிண்டரிலும் வால்வு வழியே கசிந்தால் நாக்கைத் தேடுவதை நிறுத்திவிட்டு டைமிங் பெல்ட் பல் தாண்டியதா என்று பாருங்கள். இந்த இன்ஜினில் பெல்ட் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதும். பிஸ்டன் தலையில் பிறை வடிவத் தழும்பு இருக்கும்.

பிளக்குகளைக் கழற்றிய வரிசையிலேயே, எண் எழுதி வைக்க வேண்டும். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளும் நடுவே வெள்ளி நிறத்தில் நுண்ணிய உருண்டைகளும் இருந்தால், பிஸ்டனின் அலுமினியம் தெறித்து ஒட்டியிருக்கிறது. நாக்குக்கு இதைவிட மலிவான சான்று கிடையாது.

ஆயிலை வெள்ளைத் துணி வழியாக வடியுங்கள். ஃபில்டரை ஃபில்டர் கட்டரால் வெட்டிப் பிரிக்க வேண்டும்; ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் அந்த இரும்புத் தூளே உள்ளே விழுந்து குழப்பும். மடிப்புத் தாளை விரித்துக் காந்தம் காட்டுங்கள். ஒட்டுவது இரும்பு: ரிங், கிராங்க், கேம் ஷாஃப்ட். ஒட்டாமல் வெள்ளியாகத் தகடு தகடாக இருப்பது பிஸ்டன் அலுமினியமாகவோ பேரிங் மேல்பூச்சாகவோ இருக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால் மூன்றடுக்கு பேரிங்கின் நடு அடுக்குவரை தேய்ந்துவிட்டது. அதன்பின் இன்ஜினை ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்து பார்க்கக்கூடாது.

பிரித்த பின் பிஸ்டன் சொல்வது

பாக்ஸர் இன்ஜினைப் பிரிப்பதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. பிளாக் இரண்டு பாதியாகச் செங்குத்தாகப் பிரியும். அதற்கு முன் பிளாக்கின் முன்புற, பின்புறத் துளைகள் வழியே பிஸ்டன் பின்களை இழுத்தெடுத்தாக வேண்டும். இந்த அவசரத்தில் பேரிங் ஷெல்கள் கலந்துபோவது சகஜம். எந்த ஷெல் எந்த ராடின் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) எந்தப் பாதி என்று மார்க்கரால் முதுகில் எழுதி, தனித்தனிப் பையில் போடுங்கள். துடைக்காதீர்கள், கழுவாதீர்கள். போட்டோ எடுத்த பிறகு கழுவலாம்.

பிஸ்டன் நாலு விதமாகச் சாகும். பார்த்தாலே பிரித்தறியலாம். நாக்கில் செத்த பிஸ்டனின் தலை ஓரம் மணல் அடித்தாற்போல் பொரிந்திருக்கும். வரப்பு துண்டாக உடைந்திருக்கும். உடைந்த விளிம்பு கூர்மையாக இருக்கும், உருகிய அடையாளம் இருக்காது. பிளக் பொறி விடும் முன்பே சூடேறிய ஏதோ ஒன்று கலவையைக் கொளுத்திவிட்ட பிஸ்டனில் தலையின் நடுவே உருகி ஓட்டை விழுந்திருக்கும்; பிளக் முனையும் உருகியிருக்கும். பெட்ரோல் போதாமல் நெடுநேரம் சூடான பிஸ்டன், பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பக்கம் விளிம்பு கரைந்து வழிந்திருக்கும். நாலாவதை நாக் என்றே பலர் எண்ணி ஏமாறுகிறார்கள்: ரிங் இடைவெளி போதாமல் முனைகள் முட்டிக்கொண்டது. சூட்டில் ரிங் நீளும். நீள இடமில்லையென்றால் இரு முனைகளும் மோதி, ரிங் சிலிண்டர் சுவரில் இறுகி, பிஸ்டனின் மேல் வரப்பைப் பிடுங்கிக்கொண்டு வரும். ரிங் முனைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: முட்டியிருந்தால் பாலிஷ் போட்டதுபோல் மினுங்கும். அப்படியானால் தவறு டியூனில் இருக்காது, இன்ஜின் கட்டியதில் இருக்கும். டர்போ இன்ஜினுக்கு மேல் ரிங் இடைவெளி போர் அளவின் 0.0055 மடங்கு என்பது புழங்கும் தொடக்கக் கணக்கு; 99.5 மி.மீ. போருக்கு அது சுமார் 0.55 மி.மீ. பூஸ்ட் கூடினால் இன்னும் கூட்ட வேண்டும். இறுதிச் சொல் பிஸ்டன் பெட்டியோடு வரும் தாளுக்குத்தான்.

ஈஜே257இல் வரப்பு உடைவது நாலாம் சிலிண்டரில்தான் அதிகம். கூலன்ட் பாதையில் அது கடைசியாக, சூடான நீரைப் பெறுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட காரணம். அதற்காகவே தனியாகக் கூலன்ட் குழாய் கிட்டும் விற்கிறார்கள். ஆனால் நாலாம் சிலிண்டர் என்றதும் ‘இந்த இன்ஜினுக்கே இது வியாதி’ என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். கடைசிப் படிக்கட்டில் நிற்பவன்தான் முதலில் விழுவான். தள்ளியது யார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

தள்ளியது யார்

முதல் சந்தேகம் எப்போதும் காற்றுப் பாதை. இந்த இசியு காற்றை மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரால் அளந்து பெட்ரோலைத் தீர்மானிக்கிறது. சென்சார் உட்காரும் குழாயின் விட்டம் மாறினால், அதே வோல்டேஜுக்கு உண்மையில் பாயும் காற்று மாறிவிடும். அகலமான இன்டேக்கை வாங்கி மாட்டி, ‘வெறும் ஃபில்டர்தானே’ என்று மேப்பை மாற்றாமல் ஓட்டுவது இந்தக் காரில் மிகப் பழைய, மிக மலிவான தற்கொலை வழி.

கசிவு எங்கே என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகும். சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையே உள்ள இன்லெட் ரப்பர் குழாய் கிழிந்தால், அளக்காத காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறையும். டர்போவுக்குப் பின்னால் இன்டர்கூலர் இணைப்பு கழன்றால், அளந்த காற்று பூஸ்டில் வெளியேறும்; பெட்ரோல் மிஞ்சிக் கரும்புகை வரும், டர்போ இலக்கை எட்ட அளவுக்கு மீறிச் சுற்றும். ஸ்மோக் மெஷின் வைத்து இரண்டையும் சோதிக்க அரை மணி நேரம் போதும். மேனிஃபோல்டைக் கழற்றிய பிறகு இதைச் செய்ய முடியாது என்பதால் இன்ஜினை இறக்கும் முன்பே செய்துவிட வேண்டும்.

இரண்டாவது, பெட்ரோல். இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் சென்சார் நாலு சிலிண்டர் புகையும் சேர்ந்த பிறகே அளக்கிறது. மூன்று சிலிண்டரில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.0, இன்ஜெக்டர் அடைத்த ஒன்றில் 13.2 என்று வையுங்கள். மீட்டர் காட்டுவது சுமார் 11.5. முழு பூஸ்டில் 11.5 என்றால் லாக்கைப் பார்க்கும் எவரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு சிலிண்டரோ எரிந்துகொண்டிருக்கும். ஆகவே ஒரே சிலிண்டர் செத்திருந்தால், நாலு இன்ஜெக்டரையும் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து, கழுவாமலே முதலில் பெஞ்சில் ஓட அளக்க வேண்டும். கழுவிய பிறகு அளந்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும்.

நாலு சிலிண்டரும் ஒரேபோல் அடிபட்டிருந்தால் பம்பையும் பிரஷரையும் பாருங்கள். ரெகுலேட்டர் மேனிஃபோல்ட் அழுத்தத்தோடு ஒன்றுக்கு ஒன்று ஏற வேண்டும்: அடிப்படை 3 பார், பூஸ்ட் 1.2 பார் என்றால் ரெயிலில் 4.2 பார் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பம்ப், அல்லது பம்புக்குப் போகும் ஒயரில் வோல்டேஜ் இழப்பு. பழைய லாக்கில் இன்ஜெக்டர் டியூட்டி (அது திறந்திருக்கும் நேர விகிதம்) 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் இன்ஜெக்டர் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. ஈ85 எத்தனால் எரிபொருளுக்கு மாறியவர்களுக்கு இது இன்னும் கடுமை. அதே காற்றுக்குச் சுமார் 30 முதல் 40 சதவீதம் கூடுதல் அளவு தேவை.

ஆக்டேன் விஷயத்தில் நம் ஊர் வாசகர்கள் ஏமாறும் இடம் ஒன்று: அமெரிக்கப் பங்கில் எழுதியிருக்கும் 91, இந்தியாவில் சொல்லும் 91 அல்ல. அங்கே ஆர்ஓஎன், எம்ஓஎன் என்ற இரண்டு ஆக்டேன் அளவுகளின் சராசரியைப் போடுகிறார்கள்; இங்கே ஆர்ஓஎன் மட்டும். அவர்களுடைய 91 நம் கணக்கில் ஏறக்குறைய 95, 96. அமெரிக்க மேப்பை அப்படியே கொண்டுவந்து ஆர்ஓஎன் 91 பெட்ரோலில் ஓட்டினால் நாக் வரத்தான் செய்யும்.

மூன்றாவது, பூஸ்ட். எக்ஸாஸ்ட்டை முழுக்கத் திறந்துவிட்டு வேஸ்ட்கேட்டை (புகையை டர்பைனுக்குள் போகாமல் திருப்பிவிடும் கதவு) சிறிதாகவே விட்டால், வேஸ்ட்கேட் முழுதும் திறந்த பிறகும் புகை டர்பைன் வழியே பாய்ந்து பூஸ்ட் தானாக ஏறும். குளிர்ந்த இரவுகளில் இது இன்னும் மோசம். மேப்பில் 17 பிஎஸ்ஐ என்று எழுதியிருப்பது சாட்சியாகாது. லாக்கில் 6,500 ஆர்பிஎம்மில் எவ்வளவு பதிவானது என்பதே கேள்வி. நாலாவது, இன்டேக்கில் சேரும் ஆயில். பாக்ஸர் இன்ஜினில் கிராங்க்கேஸ் புகையோடு ஆயில் நிறைய வரும். அது கலவையில் சேர்ந்தால் ஆக்டேன் இறங்கிவிடும். இன்டர்கூலரைக் கவிழ்த்தால் ஆயில் வழிந்தால், ஏர்-ஆயில் செப்பரேட்டர் இல்லாத குறை அது. அல்லது உடைந்த வரப்பின் விளைவே அதுவாகவும் இருக்கலாம். எது முதல், எது பின் என்பதை நாக் அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் முடிவு கட்ட வேண்டும்.

பேரிங் போன இன்ஜின்

ராட் அடிக்கும் சத்தத்தோடு வரும் இன்ஜினில் முதலில் ஷெல்களை மேசையில் வரிசையாக அடுக்குங்கள். ஒரே சிலிண்டரின் ராட் பக்கத்து ஷெல் மட்டும் நசுங்கித் தேய்ந்து, மூடிப் பக்கத்து ஷெல் நன்றாக இருந்தால், மேலிருந்து அடி விழுந்திருக்கிறது. அது நாக்கின் இன்னொரு முகம்தான். எல்லா ராட் ஷெல்களும் இரு பாதியிலும் வழித்தெடுத்ததுபோல் இருந்தால் ஆயில் வரவில்லை. நீளக் கோடுகளும் பதிந்த துகள்களும் இருந்தால் ஆயிலோடு அழுக்கு வந்தது. ஷெல் சுற்றிவிட்டது என்று மட்டும் சொல்வது காரணம் ஆகாது. பிடியிழந்து சுற்றியது கடைசி நிமிடத்து நிகழ்ச்சி.

ஆயில் வராததற்கு இந்த இன்ஜினில் தெரிந்த குற்றவாளி, சம்புக்குள் (ஆயில் தொட்டிக்குள்) இருக்கும் உறிஞ்சு குழாய். அதன் பற்றவைப்பு இணைப்பில் மயிரிழை விரிசல் விழும். ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். ஸ்டார்ட்டில் பிரஷர் சரியாகவே காட்டும். ஆயில் சூடாகி, திருப்பத்தில் ஒருபக்கம் ஒதுங்கும்போது இறங்கும். கண்ணால் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள்: ஒரு முனையை அடைத்து, தண்ணீரில் அமிழ்த்தி, லேசாகக் காற்றடித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். குழாயின் வலையில் சிலிக்கோன் கேஸ்கட் பசைத் துணுக்குகள் இருந்தால், இதற்கு முன் சம்பைக் கழற்றியவர் பசையைத் தாராளமாகப் பூசியிருக்கிறார்.

டர்போவும் செத்திருந்தால் அதன் ஆயில் வழியைப் பின்தொடருங்கள். பல ஆண்டு மாடல்களில் ஏவிசிஎஸ் (வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பு), டர்போ ஆயில் பாதையில் பேன்ஜோ போல்ட்டுக்குள் (நடுவே ஆயில் பாயும் துளையுள்ள போல்ட்) ஒரு சிறு வலை உண்டு. ஆயில் மாற்றத் தாமதித்தால் அது அடைத்து டர்போ காய்ந்துபோகும். டர்போ உடைந்த துகள் இன்ஜினுக்குள் போகும். பிறகு பேரிங் போகும். முதலில் மேசைக்கு வருவது பேரிங், வலை கடைசியில்தான் கண்ணில் படும். பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே பழைய போல்ட்டோடு தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

புதிதாகக் கட்டிய இன்ஜின் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் போனால் சந்தேகப் பட்டியலே வேறு. ரிங் தலைகீழாக மாட்டப்பட்டதா, ராட் போல்ட்டை எந்த எண்ணெய் போட்டு எந்த டார்க்கில் முறுக்கினார்கள், பேரிங் இடைவெளியை மைக்ரோமீட்டரால் அளந்தார்களா என்று கேளுங்கள். 52 மி.மீ. ராட் ஜர்னலுக்கு, விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற பழைய கணக்குப்படி, 0.05 மி.மீ. அளவுக்கு இடைவெளி வரும். அளந்த தாள் இல்லையென்றால் அளக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது கேள்வி, பழைய ஆயில் கூலரை மறுபடி மாட்டினார்களா என்பது. முந்தைய இன்ஜினின் பேரிங் தூள் அதன் மெல்லிய பாதைகளில் தங்கியிருக்கும். எந்தக் கெமிக்கலில் ஊறவைத்தாலும் முழுதாக வராது. சூடேறியதும் புது இன்ஜினுக்குள் வந்து சேரும். டர்போ துகள் போன இன்டர்கூலரும் அப்படியே. இரண்டையும் புதிதாக வாங்குங்கள். ஏவிசிஎஸ் சோலனாய்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

புது இன்ஜினை முதல்முறை ஓட்டும் முன், பிளக்கும் இன்ஜெக்டர் கனெக்டரும் இல்லாமல் ஸ்டார்ட்டரால் சுற்றி ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பாருங்கள். பூஸ்ட் ஏற்றாமல் 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஃபில்டரை மறுபடி வெட்டுங்கள். ரிங் படியும்போது வரும் பொடிபோன்ற மினுமினுப்பு இருக்கும், அது சரி. விரல் நுனியில் எடுத்தால் உறுத்தும் தகடு ஒன்று இருந்தாலும், சாவியைக் கழற்றி வைத்துவிட்டு சம்பை இறக்குங்கள்.